கெட்டுப்போன மண்ணுக்கு எங்கே மனு கொடுப்பது?

ஆலைக்கழிவால் பாழான நிலங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: எங்கள் ஒன்றரை ஏக்கரை ஒட்டி முன்பு மின்முலாம் பூசும் பட்டறை இருந்தது. மூடி ஆறு வருடம் ஆகிறது. மழை பெய்தால் வரப்போரம் மஞ்சளாகத் தண்ணீர் கசிகிறது. கிணற்றுத் தண்ணீரும் நிறம் மாறிவிட்டது. அரசாங்கமே சுத்தம் செய்து தரும் என்கிறார்கள். எந்த ஆபீசில் மனு கொடுப்பது? அதற்குத் தனிப் படிவம் வாங்க வேண்டுமா?

வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். ஆனால் ‘நிலத்தைச் சுத்தம் செய்து தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் உங்கள் மனு மேசை மேசையாகச் சுற்றும். சுத்தம் செய்வது கடைசிப் படி. முதல் படி, உங்கள் இடத்தை ‘மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் தளம்’ என்று பதிவு செய்ய வைப்பது. அதைக் கேளுங்கள்.

இதற்கு இப்போது சட்டத் துணை இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு (மாசடைந்த தளங்கள் மேலாண்மை) விதிகளை அறிவித்தது. அதன்படி மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் கிடைத்த 90 நாளில் வாரியம் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. அளவுக்கு மேல் நச்சு இருப்பது உறுதியானால் இடம் பொதுவில் அறிவிக்கப்படும், ஆள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்படும், சீரமைப்புத் திட்டம் தயாரிக்கும் வேலை நிபுணர் அமைப்பிடம் போகும். கெடுத்தவர் யார் என்று கண்டறியவும் வாரியத்துக்கு 90 நாள் கெடு உண்டு. முதற்கட்ட ஆய்வுக்கான நாட்கள் எண்ணப்படுவது வாரியத்துக்குத் தகவல் போன தேதியிலிருந்து. அதனால் மனுவைவிட, அதைக் கொடுத்ததற்கான ஒப்புகைதான் உங்கள் சொத்து.

ஒரே மனுவை மூன்று இடத்தில் கொடுங்கள். ஒன்று, மாவட்ட ஆட்சியரிடம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் கையோடு கிடைக்கும். இரண்டு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில். மூன்று, ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என எது உங்களுடையதோ அங்கே. ஒவ்வொரு பிரதியிலும் மற்ற இருவருக்கும் நகல் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று ஒருவர் தள்ளிவிட முடியாது.

மனுவில் இவை இருக்க வேண்டும்: புல எண், உட்பிரிவு எண், கைபேசி வரைபடத்தில் குத்திய இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, எந்த ஆண்டு முதல் பாதிப்பு, எந்தப் பட்டறை, என்ன வேலை செய்தார்கள், சுற்றுவட்டாரக் கிணறுகள், ஆழ்துளைகள் எத்தனை மீட்டரில் இருக்கின்றன, எத்தனை வீடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. கடைசித் தகவலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த இடத்தை முதலில் பார்ப்பது என்று அதிகாரி முடிவு செய்ய அதுதான் உதவும். பட்டா, அடங்கல், புல வரைபடம், தேதியிட்ட புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். புல வரைபடத்தில் கசிவு வரும் பக்கத்தைச் சிவப்பு மையால் குறியுங்கள். பட்டா பழைய உட்பிரிவு எண்ணில் இருந்தால் முதலில் அதைச் சரி செய்துகொள்ளுங்கள். எண் மாறியதால் அடுத்தவர் நிலத்துக்கு ஆய்வுக்குப் போய், ‘குறிப்பிட்ட இடத்தில் பாதிப்பு இல்லை’ என்று அறிக்கை எழுதப்பட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு.

கோரிக்கையை நான்காகப் பிரித்து எண் போட்டு எழுதுங்கள்: சந்தேகத் தளமாகப் பதிவு செய்வது, முதற்கட்ட ஆய்வு, ஆய்வு முடியும்வரை மாற்றுக் குடிநீர், சோதனை முடிவுகளின் நகல். எண் போட்டுக் கேட்டால் எண் போட்டுத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். ‘ஊரில் எல்லாருக்கும் புற்றுநோய்’ போன்ற வரிகள் வேண்டாம். மருத்துவச் சான்று இல்லாமல் எழுதினால் மற்ற உண்மைகளையும் அது பலவீனப்படுத்தும்.

கேள்வி: மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்தோம். மண்வள அட்டையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இதைக் காட்டி ‘பிரச்சினையே இல்லை’ என்கிறார்கள்.

மண்வள அட்டை 12 விஷயங்களைப் பார்க்கிறது: தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து. குரோமியம், ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், சயனைடு எதுவும் அதில் இல்லை. பயிருக்கு உரம் சொல்ல உருவான அட்டை அது. அதை விஷப் பரிசோதனைக்கு ஆதாரமாகக் காட்டுவது, சர்க்கரை பார்த்த ரத்தச் சோதனையை வைத்து மஞ்சள் காமாலை இல்லை என்று சொல்வது மாதிரி.

என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போங்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பொருளில் எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று பட்டியல் வைத்திருப்பார்கள். ‘மண் – ஆறு இணைதிற குரோமியம்’ (குரோமியத்தில் நச்சு மிகுந்த வகை) என்ற வரி அதில் இருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு மண்ணையும் பார்த்துத் தரும் ஆய்வகங்களின் அறிக்கை விசாரணையில் நிற்காது.

இனி மாதிரி எடுப்பது. பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான்.

உரப் பரிசோதனைக்கு நிலம் முழுக்கப் பத்து இடத்தில் அள்ளிக் கலந்து கொடுப்போம். மாசுக்கு அப்படிச் செய்யக் கூடாது. கெட்ட இடத்து மண் ஒரு பங்கும் நல்ல இடத்து மண் நான்கு பங்கும் கலந்தால் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக இறங்கிவிடும். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனிப் பையில் போடுங்கள். கசிவு வரும் இடத்திலிருந்து தண்ணீர் ஓடும் திசையில் நான்கைந்து புள்ளி. ஒவ்வொன்றிலும் 0–15, 15–30, 30–60 செ.மீ. ஆழத்தில் தனி மாதிரி. ஒரு மாதிரிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ. கூடவே, பட்டறைக்கு மேட்டுப் பக்கத்தில், கழிவு போக வாய்ப்பே இல்லாத, அதே வகை மண்ணில் இரண்டு மாதிரி. இந்த ‘ஒப்பீட்டு மாதிரி’ இல்லாவிட்டால், இயற்கையிலேயே உங்கள் மண் அப்படித்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சேலம் சுண்ணாம்புக்கரடு, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி போன்ற இடங்களில் பாறையிலேயே குரோமியம் இருப்பதால், அந்த வாதம் சில இடங்களில் நியாயமும்கூட.

துத்தநாகப் பூச்சுள்ள வாளி, முறம் வேண்டாம். பூச்சிலிருந்து துத்தநாகம் மண்ணில் ஒட்டும். எவர்சில்வர் கரண்டியால் எடுங்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் காய்ச்சி வடித்த நீரால் கழுவித் துடையுங்கள். உலோகச் சோதனைக்கு கெட்டியான பாலிதீன் பை போதும். எண்ணெய், பூச்சிமருந்து, கரைப்பான் என்று சந்தேகமிருந்தால் கண்ணாடிச் சீசாதான். விளிம்பு வரை நிரப்பி, டெஃப்லான் பதித்த மூடியால் மூடுங்கள். பாதி காலியாக இருந்தால் ஆவியாகக்கூடியது அந்த இடத்தில் நிறைந்து, திறக்கும்போது பறந்துவிடும். வெயிலில் உலர்த்தவே கூடாது.

குரோமியத்துக்குத் தண்ணீர் எடுப்பதில் ஒரு நுட்பம். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் ஆய்வகம் நைட்ரிக் அமிலம் விட்டுத் தரும். ஆறு இணைதிறக் குரோமியத்துக்கான பாட்டிலில் அமிலம் இருக்கக் கூடாது. அமிலத்தில் அது மூன்று இணைதிறமாக மாறி, இருந்ததை இல்லை என்று காட்டிவிடும். அந்தப் பாட்டிலை ஐஸ் பெட்டியில் 4 டிகிரிக்கு வைத்து 24 மணி நேரத்துக்குள் சேருங்கள். மண் என்றால் குளிரில் வைத்து 30 நாள் வரை தாங்கும். சனிக்கிழமை மாலை எடுத்து ஞாயிறு முழுக்க வீட்டில் வைத்திருந்த தண்ணீர் மாதிரிகளுக்குக் கொடுத்த காசு வீண்.

ஆழ்துளைக் கிணறானால் பத்துப் பதினைந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிய நீர் நிலத்தடி நீர் ஆகாது.

பைகளில் புல எண், ஆழம், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. யார் எடுத்தார், யார் கொண்டுபோனார், யார் வாங்கினார் என்று ஒரு தாளில் வரிசையாகக் கையெழுத்து. முடிந்தால் கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக அழையுங்கள். இத்தனை செய்தாலும் வாரியம் உங்கள் அறிக்கையை அப்படியே ஏற்காது, தானே மாதிரி எடுக்கும். உங்கள் அறிக்கை கதவைத் திறக்கத்தான். அவர்கள் வரும்போது நீங்கள் உடனிருக்கவும், அதே மாதிரியில் ஒரு பாதியை முத்திரையிட்டு உங்களுக்குத் தரவும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: சோதனை அறிக்கையில் ‘மொத்தக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 310 மி.கி.’ என்று இருக்கிறது. இது அதிகமா?

அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. குரோமியத்தில் மூன்று இணைதிற வகை மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். தோல் பதனிடும் ஆலைக் கழிவில் அதிகம் இருப்பது அதுதான். ஆறு இணைதிற வகை தண்ணீரில் கரைந்து கிணறு வரை போகும், புற்றுநோயும் உண்டாக்கும். முலாம் பட்டறை, குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது இது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு, கனடாவின் விவசாய நில அளவுகோலைப் பாருங்கள்: மொத்தக் குரோமியம் 64 மி.கி., ஆறு இணைதிறம் 0.4 மி.கி. எனவே மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: மொத்தம், ஆறு இணைதிறம், மண்ணிலிருந்து நீரில் கசிந்து வரும் அளவு. கிணற்று நீருக்கு இந்தியக் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 0.05 மி.கி. மொத்தக் குரோமியம் என்கிறது. ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001. தண்ணீரில் மீறல் இருந்தால் அதையே மனுவின் முதல் வரியாக வையுங்கள். மண் அளவு பற்றி நிபுணர்கள் வாதாடலாம், குடிநீர் எண்ணில் வாதாட இடம் குறைவு.

கேள்வி: ஆலை முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். இடத்தை வங்கி ஏலம் விட்டு இன்னொருவர் வாங்கியிருக்கிறார். செலவை யார் தருவார்?

கெடுத்தவரே செலவைத் தர வேண்டும் என்பது 1996 முதல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவரும் கொள்கை. ராஜஸ்தானின் பிச்ரி வழக்கும் நமது வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கும் அந்த ஆண்டில் தீர்ப்பானவை. 2025 விதிகளும் அதையே சொல்கின்றன. கெடுத்தவரிடம் வசூலிக்க முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கெடுத்தவரை அடையாளம் காட்டும் தாள்கள் வாரிய அலுவலகத்திலேயே கிடக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு இவற்றைக் கேளுங்கள்: அந்த ஆலைக்குக் கொடுத்த இயக்க இசைவாணைகள் எல்லா ஆண்டுக்கும், அபாயக் கழிவு அங்கீகாரம், படிவம் 4 ஆண்டறிக்கைகள், ஆய்வு அறிக்கைகள், மூடல் உத்தரவு. ஆண்டுக்கு எவ்வளவு கழிவு உண்டானதாக ஆலையே எழுதிக் கொடுத்தது, அதில் எவ்வளவு வெளியே அனுப்பியதாகக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் எங்கே போனது என்ற கேள்விக்கு உங்கள் நிலம்தான் பதில். பதில் தர 30 நாள். ‘ஆலை பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் மறுப்பு வரும். ஆண்டையும் ஆவணப் பெயரையும் குறிப்பிடுங்கள்.

ஏலத்தில் எடுத்தவர் ‘எனக்குத் தெரியாது’ என்பார். அதை விசாரணையில் பார்க்கட்டும். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆய்வுக்கு அவர் கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

கேள்வி: மேல் மண்ணை நாங்களே வெட்டி எடுத்துவிட்டு ஏரி வண்டல் அடித்தால் என்ன? அல்லது சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 30 செ.மீ. வெட்டினால் சுமார் 1,214 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றாலும் 1,800 டன்னுக்கு மேல். பத்து டன் லாரியில் 180 நடை. எங்கே கொட்டுவீர்கள்? அபாயக் கழிவு ஆகிவிட்ட மண்ணைக் கண்ட இடத்தில் கொட்டினால் மாசுபடுத்தியவர் பட்டியலில் உங்கள் பெயர் சேரும். கூடவே ஆதாரமும் போய்விடும்.

சுண்ணாம்பு ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றைக் கட்டிப்போடும். ஆறு இணைதிறக் குரோமியத்தையும் ஆர்சனிக்கையும் அப்படிக் கட்டாது; காரத்தன்மை ஏறினால் அவை இன்னும் சுலபமாக நகரும். ஆர்சனிக் உள்ள மண்ணில் பாஸ்பேட் உரத்தைக் கொட்டினாலும் அதே கதை. முதல் கேள்வியில் சொன்னதுபோல் மஞ்சள் நீர் கசியும் நிலத்துக்குச் சுண்ணாம்பு தவறான மருந்து. இரும்பு சல்பேட், தொழு உரம் இவை குரோமியத்தை மூன்று இணைதிறமாக மாற்றும் என்பது உண்மை. ஆனால் ஆய்வு முடியும் முன் செய்தால் முதல் சோதனையே குழம்பும். அதுவரை செய்யக்கூடியது, கசிவு வரும் பக்கம் சிறு வரப்பு கட்டி மழைநீர் நிலத்துக்குள் பரவாமல் தடுப்பது மட்டும்.

கேள்வி: ராத்திரியில் லாரி வந்து என் காலி மனையில் பன்னிரண்டு பேரல்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

தொடாதீர்கள், உருட்டாதீர்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். காற்று உங்கள் பக்கமிருந்து பேரல்களை நோக்கி வீசும்படி நின்று, பேரலில் உள்ள எழுத்து, எண், மஞ்சள் அல்லது சிவப்புச் சாய்சதுர ஒட்டி ஆகியவற்றைத் தூரத்திலிருந்தே படமெடுங்கள். அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அதன் நகல் போகட்டும். இரண்டு வாரம் தாமதித்தால் நீங்களே வாடகைக்கு இடம் கொடுத்ததாகப் பேச்சு வரும். எடுத்துச் செல்லும்போது அபாயக் கழிவு விதிகளின் படிவம் 10 என்ற சரக்குச் சீட்டு எழுதப்பட வேண்டும். அது எழுதாமல் வண்டி கிளம்பினால், பேரல்கள் அடுத்த ஊர்க் காலி மனைக்குப் போகின்றன என்று பொருள். சீட்டு நகலை உங்கள் கோப்பில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் குப்பைமேட்டுக்கும் இந்த விதி பொருந்துமா?

ஊர்க் குப்பைமேடு பொதுவாக இந்த விதிகளில் வராது. சுரங்கக் கழிவு, கதிரியக்கக் கழிவு, கடலில் எண்ணெய் ஆகியவையும் வரா. குப்பைக்குத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் உள்ளாட்சியிடம் பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரித்து அகற்றுவது) கேட்டு மனு கொடுங்கள்.

கேள்வி: சாயக்கழிவு ஓடிய வாய்க்காலோரம் எங்கள் நிலம். மண் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. நச்சு உலோகம் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது.

அது உப்பு. நச்சு வேதிப்பொருள் பட்டியலை வைத்து ஓடும் 2025 விதிகளில் உங்களுக்குப் பலன் குறைவு. இழப்பீடு, நில மீட்பு கேட்டு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போவதே பொருத்தம். மண்ணைப் பொறுத்தவரை, ஜிப்சம் போடுமுன் சோதியுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல், சோடியம் மிகுதி என்றால் ஜிப்சம் வேலை செய்யும். வெறும் உப்பு மண்ணுக்கு நல்ல தண்ணீர் நிறுத்தி வடியவிடுவதே வழி. வடிகால் இல்லாமல் தண்ணீர் கட்டினால் உப்பு மறுபடி மேலேறும்.

கேள்வி: மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதே பதில். இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது?

காத்திருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 14-ஆம் பிரிவில் வழக்குப் போட, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு, நிலத்தை மீட்டுத் தருதல் கேட்கும் 15-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு, அதற்கு மேலும் 60 நாள். ‘மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன்’ என்பதால் இந்தக் கெடு நீளாது. உங்கள் பாதிப்பு எந்தத் தேதியில் தெரிந்தது என்று நிறுவுவது முக்கியம். ஆய்வக அறிக்கைத் தேதி அதற்கு உதவும்.

தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் அறிக்கைகளை வரிசைப்படுத்தித் தேதிப் பட்டியல் போட்டுத் தர ஒருவர் இருந்தால் நல்லது.

தீர்ப்பு வந்ததும் பொக்லைன் வந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். 2025 விதிகளில் ஆய்வுக்குக் கெடு உண்டு, சுத்தம் செய்து முடிக்கக் கெடு இல்லை. அதுதான் அதன் பெரிய ஓட்டை. விதிகள் வந்தபோது நாடு முழுவதும் கண்டறியப்பட்டிருந்த 103 தளங்களில் ஏழில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது. பாதரசத்தால் மண்ணைக் கெடுத்த கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் பாதரசம் 20 மி.கி. வரை இருக்கலாமா என்ற சர்ச்சையே பல ஆண்டு ஓடியது. ராணிப்பேட்டையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது. எனவே மாற்றுக் குடிநீர், வேலி, மழைக்காலத்தில் கழிவை மூடி வைத்தல் ஆகிய இடைக்கால உத்தரவுகளைத் தனியே கேளுங்கள். அவை சில வாரங்களில் கிடைக்கக்கூடியவை.

கேள்வி: பட்டியலில் வந்துவிட்டால் நிலத்தை விற்க முடியாதே? சும்மா இருந்துவிட்டால் நல்லதல்லவா?

விலை இறங்கும், மறைப்பதற்கில்லை. ஆனால் தெரிந்தே சொல்லாமல் விற்றால் சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 55-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் ஆய்வக அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

கேள்வி: அதுவரை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? கீரை போடலாமா?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின், படிகாரமும் இதற்குப் பயனில்லை. குடிக்க, சமைக்க வேறு தண்ணீர் வாங்குங்கள். கீரையும் கிழங்கும் வேண்டாம். இலை காட்மியத்தை எளிதில் ஏற்றிக்கொள்ளும், கிழங்குத் தோலில் மண்ணே ஒட்டிவரும். மாட்டுத் தீவனமும் வேண்டாம், பாலுக்கு வரும். சவுக்கு போன்ற மரப்பயிர் இருந்தால் மண் பறக்காமலாவது இருக்கும். ஆனால் நடுவதற்குக் குழி தோண்டுவதையும் மாதிரி எடுத்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.